தேறலும் தேறுதலும்

மதுவை வாழ்நாளில் ஒருமுறையேனும் நாவில் வைத்தறியாத பள்ளியாசிரியன் ஒருவன், மதுவைச் சுவைத்து மதிப்பிடுங் கலையைப் பற்றி எழுதப் புகுவது நகைப்புக்கு இடமாகும் என்பதை யான் அறிவேன். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். அதனை ஆண்டுதோறும் மாணாக்கருக்குக் கற்பிப்பவன் யான். ஆயினும் அவரே நடுவுநிலைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். இக்கட்டுரை முன்னதற்கு மாறானதன்று, பின்னதைச் சார்ந்தது. மதுவை உண்பார் செயலை ஈண்டு யான் பேசவில்லை. உண்ணாமலே மதிப்பிடுவார் செயலைப் பேசுகின்றேன். 'உண்ணாமலே' என்றது மிகையன்று. அதன் காரணம் பின்னர்ப் புலனாகும்.

மதுவுக்குத் தமிழிலே பெயர்கள் பல. கள், நறவு, மட்டு, பிழி, அரியல், தோப்பி என அவை விரியும். அவற்றுள் 'தேறல்' என்பது எனக்குப் பெரிதும் உவப்பான சொல். 'தேறு' என்னும் அடியிற் பிறந்த அச்சொல், கசடு நீங்கித் தெளிந்த மதுவைக் குறிக்கும். ஒன்றை ஆராய்ந்து, ஐயம் நீங்கித் துணிதலாகிய தேறுதலும் அதே அடியிற் பிறந்ததே. மாணாக்கன் பரீட்சையில் தேறினான் என்று நாம் நாடோறும் சொல்வதும் அதுவே. மது தெளிய வேண்டும். மதிப்பிடுவோன் மனம் தெளிய வேண்டும். அதன் பின்னரே மதிப்பிடப்பட்டவன் தேறினானா இல்லையா என்று சொல்லுதல் தகும். இம்மூன்றையும் ஓரடியில் அடக்கிய மொழியைப் பேசும் நாம், மூன்றாவதைப் பற்றிக் கொள்ளும் கவலையில் ஒரு பங்கேனும் இரண்டாவதைப் பற்றிக் கொள்வதில்லை என்பதே என் முறைப்பாடு.

யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பதைத் தமிழகத்தார் திராட்சை என்பர். அப்பழச்சாற்றை நொதிக்கவைத்துப் பெறுவதே வைன் எனப்படும் மது. அதுவும் தமிழருக்கு முற்றும் புதியதன்று. நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டு, யவனர் நற்கலங்களிற் கொணர்ந்த மணமுள்ள தேறலைக் குறிப்பிடுகின்றது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மோட்டிமர் வீலர் அகழ்வாராய்ச்சி நடத்தியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருபிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் வெளிப்பட்டன. அந்த யவனர் வழிவந்த மேலைநாட்டார் இன்று அத்தேறலை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதை நோக்குவோம்.

சுவைத்து உமிழ்தல்

மது மதிப்பீட்டாளர் ஒரே நாளில் பற்பல வகைகளைச் சுவைக்க வேண்டியவர். அத்தனையையும் விழுங்கினால் பாதி வழியிலேயே மதி மயங்கும். ஆதலின் ஒவ்வொரு மிடற்றையும் வாயிலே சுழற்றிய பின் உமிழ்ந்துவிடுவர். கொழும்பிலே தேயிலையின் தரம் காண்போர், சாயத்தைக் கரண்டியால் ஓசையெழ உறிஞ்சி உமிழ்வதைக் கண்டோர்க்கு இது வியப்பன்று. மயங்காமைக்கென்றே உமிழ்கின்றனர் என்பதுதான் நாம் கொள்ளவேண்டிய கருத்து. ஒரு நூலை அநுபவிப்பவன் அதிலே மயங்கலாம். அதனை மதிப்பிட இருப்பவனோ சுவையை முழுதும் அறிந்தும் மயக்கத்துக்கு ஆட்படாது நிற்றல் வேண்டும்.

அவர்கள் முறைகள் யாவும் காரணத்தோடு கூடியவை. வயிறு அகன்று வாய் குவிந்த கண்ணாடிக் குவளையையே கொள்வர். மணம் சிதறாது மேலெழுவதற்காக அது. சுவைப்போர்க்கான குவளையின் வடிவும் அளவும் 1977இல் அனைத்துலகத் தர நிர்ணயமாகவே வகுக்கப்பட்டன. குவளையிற் பெரும்பகுதியை வெற்றிடமாக விட்டுச் சிறிதே வார்ப்பர். வெண்துணிக்கு எதிரே பிடித்து நிறம் பார்ப்பர், முகர்வர், சுழற்றி மீண்டும் முகர்வர், அதன் பின்னரே நாவில் இடுவர். நாவறியும் சுவைகள் சிலவே. மூக்கறியும் மணங்களோ மிகப் பல. வாயிலிட்ட பொருளின் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைகின்றது. தடிமன் பிடித்தவனுக்கு எந்த உணவும் சப்பென்று இருப்பது இதனாலேதான்.

இவ்விடத்து நம்மவர் பெருமைப்படத்தக்க ஒரு செய்தி உண்டு. நம் முன்னோர் அறுசுவையுள் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணினர். மேலைநாட்டு உடலியலார் பலர் அதனை நாவின் சுவையாகக் கொள்ளாது, வாயின் உட்புறம் உணரும் ஊற்றுணர்வாகக் கொள்வர். எவ்வாறாயினும், செம்மதுவை மதிப்பிடுவோர் முதற்கண் தேடுபவற்றுள் ஒன்று இத்துவர்ப்பே. பழத்தோலிலும் விதையிலும் ஓக் மரப் பீப்பாவிலும் இருந்து இறங்கும் தனின் என்னும் பொருளால் அது விளைகின்றது. பிஞ்சுப் பாக்கைக் கடித்தறிந்த நம் பாட்டிமாருக்கு அதனை விளக்கவேண்டிய தேவை இல்லை.

பலவகை மதுக்களை ஒருங்கே சுவைக்கும்போது வரிசையும் முறைப்படி அமையும். வெள்ளை முன், சிவப்புப் பின். மெல்லியது முன், வல்லியது பின். இனிப்பற்றது முன், இனிப்பானது பின். வன்மையான மதுவின் பின் வரும் மெல்லிய மது, தன் குற்றம் ஏதுமின்றியே சாரமற்றதாகத் தோன்றும். விடைத்தாள் திருத்தும் ஆசிரிய நண்பர்களே, இதனைச் சற்று எண்ணிப்பாருங்கள். மிகச் சிறந்த கட்டுரை ஒன்றைப் படித்து முடித்து, அதனை அடுத்துக் கையில் எடுத்த நடுத்தரக் கட்டுரைக்கு நாம் எத்தனை முறை அநீதி இழைத்திருப்போம்? அவர்கள் இடையிடையே நீரருந்தி, வெறும் பாணைக் கடித்து வாயைத் தூய்மை செய்கின்றனர். நாமோ அடுத்த தாளைப் புரட்டுகின்றோம்.

திறந்தவுடன் தீர்ப்பா?

தக்கையிட்ட போத்தலில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த மது, திறந்த அக்கணத்திலேயே தன் இயல்பு முழுவதையும் காட்டிவிடுவதில்லை. இளமையான வன்மையுள்ள செம்மது முதலில் இறுகியிருக்கும்; காற்றுப்பட்டுச் சில நாழிகை சென்றபின் மணம் விரியும். மிகப் பழைய மதுவோ இதற்கு மறுதலை. திறந்தவுடன் நறுமணம் வீசும். சிறிது நேரத்திற்குள் அம்மணம் வாடிவிடும். ஆதலின் அறிவுடைய மதிப்பீட்டாளர் ஒரே மதுவைத் திறந்தபோது ஒருமுறையும், காத்திருந்து ஒருமுறையும் சுவைத்து, இரண்டையும் குறித்துவைப்பர்.

புதிதாக வெளிவந்த நூல்களுக்கு மதிப்புரை எழுதுவோர் இதனை உளங்கொள்ளல் நன்று. வெளியீட்டு விழாவன்று வாசிக்கும் மதிப்புரை திறந்த கணத்துச் சுவையே. முதற் படிப்பில் இறுகித் தோன்றிய கவிதை மூன்றாம் படிப்பில் நெகிழ்ந்து கொடுப்பதும், முதற் படிப்பில் மணந்த கவிதை மறுநாளே வாடுவதும் நாம் அறியாதன அல்ல.

இன்னுமொரு நுட்பம். சிலவேளை மது நல்லதாயிருந்தும் தக்கை அதனைக் கெடுத்துவிடும். ஈரத்தில் கிடந்த பழந்தாள் போன்ற பூஞ்சண நாற்றம் எழும். இதற்கு முதன்மையான காரணமாகிய இரசாயனப் பொருள் 1981இல் கண்டறியப்பட்டது; இலட்சங்கோடியில் ஒருசில பங்கு கலந்தாலும் கூர்மையான மூக்கு அதனை உணரும். அத்தகைய போத்தல் வந்தால் நேர்மையான நடுவர் மதுவைப் பழியார். அதே மதுவில் வேறொரு போத்தல் கேட்டு வாங்குவார். அச்சுப்பிழைக்கு ஆசிரியனையும், கையெழுத்துக்கு மாணாக்கனையும் தண்டிக்கும் நாம் இங்கே நாணவேண்டும்.

அடுத்து, மதிப்பிட்டதைச் சொல்லும் மொழி. 'உயர்ந்தது', 'நேர்த்தியானது', 'கம்பீரமானது' என்ற சொற்களால் மதுவைப் புகழ்ந்து வந்தனர் முற்காலத்து மேலைநாட்டார். கலிபோர்ணியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நோபிள் அம்மையார், 1984இல் மணச்சக்கரம் ஒன்றை வெளியிட்டார். பொதுச்சொற்களை விலக்கி அப்பிள், எலுமிச்சை, வெட்டிய புல், மிளகு என யாவரும் முகர்ந்து ஒப்பிடத்தக்க பொருள்களின் பெயர்களையே அதிலே தொகுத்தார். ஒரு சுவைஞர் ஷிராஸ் என்னும் செம்மதுவில் மிளகு மணம் உண்டென்றால் அது வெறுங் கற்பனை அன்று. அம்மதுவில் மிளகு மணத்தைத் தருவது மிளகிலே உள்ள அதே பொருள்தான் என்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2008இல் நிறுவினர். தேறல் தந்து மிளகு கொண்டுபோன யவனர் இதனை அறிந்திருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பர்! நம் மதிப்புரைகளிலோ 'சொல்நயமும் பொருள்நயமும் செறிந்தது' என்ற ஒரே வாக்கியம் எந்த நூலுக்கும் பொருந்தும் சட்டையாக இன்றும் உலவுகின்றது. எந்தச் சொல்? என்ன நயம்? சொல்வாரில்லை.

பாரிசில் நடந்த வழக்கு

இத்துணை முறைகள் கண்டவர்களும் ஒன்றிற் சறுக்கினர். போத்தலின் மேல் ஒட்டிய பெயர்த்தாளே அது. பிரான்சில் போர்டோப் பிரதேசத்து மதுக்கள் 1855இல் தரவரிசைப்படுத்தப்பட்டன. அதன் பின்னர் அவ்வரிசையின் முதல்நிலையிற் குறிப்பிடத்தக்க ஒரு மாற்றமே, அதுவும் 1973இலேயே, நிகழ்ந்தது. அப்பெருமை மிக்க நாட்டின் தலைநகரில், 1976ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் ஒரு சோதனை நடந்தது.

பாரிசில் மதுவாணிகம் நடத்திய ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியர் என்பவர் அதனை ஏற்பாடு செய்தார். அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு நிறைவை ஒட்டிக் கலிபோர்ணிய மதுக்களைப் பிரெஞ்சுச் சுவைஞருக்கு அறிமுகஞ் செய்வதே அவர் நோக்கம். ஒன்பது பிரெஞ்சு நடுவர் அமர்ந்தனர். யாவரும் அத்துறையிற் பேர்போனவர். வெள்ளை மதுவில் ஆறு கலிபோர்ணியாவினவும் நான்கு பர்கண்டியினவும், செம்மதுவில் ஆறு கலிபோர்ணியாவினவும் நான்கு போர்டோவினவும் பெயர் மறைத்து வைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் இருபது புள்ளி.

பிரெஞ்சு மது வெல்லும் என்பதில் எவருக்கும் ஐயமில்லாமையால் பத்திரிகையாளரும் அழைப்பைப் பொருட்படுத்தவில்லை. வந்தவர் ஒருவரே; 'ரைம்' சஞ்சிகையின் ஜோர்ஜ் டேபர். அவர் எழுதிய செய்தியால் உலகம் அறிந்தது இது: ஒரு நடுவர் கலிபோர்ணிய வெள்ளை மதுவைச் சுவைத்து, இப்போதுதான் பிரான்சுக்கு மீண்டோம் என்று மகிழ்ந்தார். மற்றொருவர் பர்கண்டியின் புகழ்பெற்ற மதுவை முகர்ந்து, மணமே இல்லை, இது கலிபோர்ணியாவினதே என்றார். முடிவில் வெள்ளையில் சாட்டோ மொன்டெலீனாவும், சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப்பும் முதலிடம் பெற்றன. இரண்டும் கலிபோர்ணியாவின் நாபாப் பள்ளத்தாக்கு மதுச்சாலைகளில், 1973ஆம் ஆண்டு விளைந்த பழங்களால் ஆக்கப்பட்டவை. செம்மதுவில் இரண்டாமிடம் பெற்றது போர்டோவின் பெரும்புகழ் வாய்ந்த மூத்தோன் ரொத்ஷீல்ட். நடுவருள் ஒருவராயிருந்த சஞ்சிகை ஆசிரியை ஒடெட் கான் அம்மையார், தம் புள்ளித்தாளைத் திருப்பித் தருமாறு கேட்டார், ஸ்பரியர் கொடுக்கவில்லை.

கலிபோர்ணிய மது இளமையிற் சுவைத்தாலும் முதுமை தாங்காது என்று பிரெஞ்சுக்காரர் சிலர் வாதித்தனர். முப்பது ஆண்டுகள் கழிந்து 2006இல் அதே செம்மதுக்கள் இலண்டனிலும் நாபாவிலும் மீண்டும் சுவைக்கப்பட்டன. முதலைந்து இடங்களும் கலிபோர்ணியாவுக்கே கிடைத்தன. ஆனால் முதலிடம் பெற்றது 1976இல் ஐந்தாமிடத்தில் நின்ற ரிட்ஜ் மொன்டி பெலோ. இக்கடைசிச் செய்தியை வென்றவர்களும் மறத்தலாகாது. தீர்ப்பு ஒரு நாளினது. மது பல நாளினது.

நடுவரைச் சோதித்தல்

பின்வந்த ஆய்வாளர் நடுவரையே சோதித்தனர். போர்டோவிலே மதுவியல் பயிலும் 54 மாணவரிடம், மணமற்ற சாயத்தாற் சிவப்பாக்கிய வெள்ளை மதுவைக் கொடுத்தனர். அவர்கள் செம்மதுவுக்குரிய சொற்களாலேயே அதனை வருணித்தனர். இவ்வாய்வு 2001இல் வெளியாயிற்று. கண் முன்னரே தீர்ப்புச் சொல்லிவிட, மூக்கு அதற்கு ஒத்துப் பாடியது போலும்.

இதனினும் கூரியது ரொபர்ட் ஹொட்சன் என்பவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு. பேராசிரியராயிருந்து ஓய்வுபெற்ற இவர் தாமே மது வடிப்பவர். கலிபோர்ணிய மாநிலக் கண்காட்சிப் போட்டியில், ஒரே போத்தலிலிருந்து வார்த்த மதுவை, ஏனைய மதுக்களுக்கிடையே மூன்று முறை நடுவர் முன் வைக்கச் செய்தார். ஏறத்தாழப் பத்தில் ஒருவரே அம்மூன்றுக்கும் ஒரே பதக்கத்தின் எல்லைக்குட் புள்ளியிட்டனர். ஒரே மதுவுக்கு ஒருமுறை வெண்கலமும் மறுமுறை பொன்னும் அளித்தோரும் இருந்தனர்.

இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டை அண்மித்தவன் யான். தவணைப் பரீட்சையில் முப்பத்திரண்டு கட்டுரைகளை அப்போதுதான் திருத்தி முடித்திருந்தேன். ஒரு மாதம் சென்றபின் அவற்றை நண்பர் ஒருவரைக் கொண்டு தட்டச்சிற் படியெடுப்பித்து, பெயர் நீக்கி எண்ணிட்டு, வரிசை மாற்றி, மீண்டும் திருத்தினேன். பழைய புள்ளிக்கு அருகே நின்றவை பாதிதான். ஏழு கட்டுரைகள் பத்துப் புள்ளிக்கு மேல் ஏறியோ இறங்கியோ நின்றன. வகுப்பின் முதன்மாணாக்கன் 78இலிருந்து 64க்கு இறங்கினான். கோழி கிளறியது போல எழுதும் பையன் ஒருவன் 41இலிருந்து 63க்கு ஏறினான். மழை என்ற தலைப்பிலே, வெங்காயத் தறைக்குள் வெள்ளம் புகுந்த இரவையும், தந்தையார் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டியதையும் அவன் எழுதியிருந்தான். முதன்முறை அவன் கையெழுத்தையே யான் படித்திருக்கின்றேன். அவன் தந்தையாரைப் படிக்கவில்லை.

அவனை அழைத்து உண்மையைச் சொன்னேன். "அப்ப ஐயா, நான் எழுதினது நல்லதோ?" என்று கேட்டான். நல்லதென்றேன். உயர்தர வகுப்பில் தமிழை எடுப்பதில்லையென்று அவன் ஏற்கெனவே தீர்மானித்திருந்தான், அத்தீர்மானத்தை மாற்றவுமில்லை. அதற்கு என் புள்ளியே காரணம் என்று யான் துணியேன். காரணமன்று என்றும் துணியேன். மதுவுக்குப் பதக்கம் தவறினால் வணிகனுக்கு நட்டம். மாணாக்கனுக்குப் புள்ளி தவறினால் ஒரு வாழ்க்கையின் போக்கே மாறும்.

சுவை பொய்யா?

இவ்வாறாயின் சுவையென்பதே பொய், மதிப்பீடென்பதே சூதாட்டம் என்று சிலர் முடிவு கூறுவர். அது பொருந்தாது. தராசு நடுங்குகின்றது என்பதால் பொருளுக்கு எடையில்லை என்றாகாது. மிளகின் மணம் மதுவில் உள்ளதே, துவர்ப்பும் உள்ளதே, அப்பையனின் கட்டுரையில் வாய்க்கால் வெட்டியவரும் உள்ளவரே. குறை பொருளிலில்லை, காண்போனிடத்தே உள்ளது. காண்போன் குறையைக் குறைக்க வழியும் உண்டு.

பெயரை அறவே அறியாமையே நடுவுநிலைமை என்பாரும் உளர். அதனையும் யான் முற்றாக உடன்படேன். இன்ன நிலத்தில் இன்ன ஆண்டில் விளைந்தது என்று அறிந்த சுவைஞனே, இன்று கடுப்பாயிருக்கும் மது பத்தாண்டிற் கனியும் என்று சொல்ல வல்லவன். ஒரு புலவனின் காலமும் சூழலும் அறியாதார்க்கு அவன் செய்யுளின் பாதி மூடியே கிடக்கும். ஆதலின் பெயர் வேண்டாமென்பது என் கருத்தன்று. பெயர் பின்னர் வருக என்பதே. முதற் சுவை பெயரின்றி. இரண்டாஞ் சுவை பெயரோடு. இவ்விரண்டும் மாறுபடுமாயின், ஏன் மாறுபட்டன என்று நடுவன் தன்னையே வினவுக.

நம் பாடசாலைகளுக்கும் இலக்கியப் போட்டிகளுக்கும் யான் வேண்டுவன சிலவே. தாள்களுக்குப் பெயரன்றி எண்ணிடுக. திருத்தும் வரிசையை ஒருமுறை மாற்றித் திருத்துக. புள்ளி இடுமுன் காரணத்தை ஒரு வரியிலேனும் எழுதுக. பரிசுக்குரிய ஆக்கங்களை ஒரு வாரம் விட்டு மீண்டும் படிக்குக. இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. சிறிது பொறுமையும், நாம் தவறக்கூடியவர் என்னும் நினைவுமே வேண்டும். வேலைப்பளு மிகுந்த ஆசிரியருக்கு இது சுமையே என்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும் மதுவுக்குச் செய்யும் மரியாதையை மாணாக்கனுக்குச் செய்யாது விடுதல் எவ்வாறு தகும்?

யவனர் தேறலைப் பாடியவர் நக்கீரர் என்றேன். திருவிளையாடற் கதையிலே இறைவன் இயற்றிய பாட்டுக்கும் குற்றங் கூறியவராக வருபவரும் நக்கீரர் என்னும் பெயரினரே. இருவரும் ஒருவரா என்பது வேறோர் ஆராய்ச்சி. அக்கதையில் எழுந்த வழக்கு மணம் பற்றியது: மகளிர் கூந்தலுக்கு இயற்கையில் மணமுண்டா என்பது. நக்கீரர் சொன்னது சரியா பிழையா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் பாடியவர் யார் என்று தெரிந்த பின்னரும் அவர் தம் தீர்ப்பை மாற்றவில்லை. அத்தகைய துணிவு நம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. வாய்க்காதவர்கள் பெயரையாவது மறைத்து வைத்துக்கொள்வோம்.